ஜாதி நாய்க்கு ஏன் மூச்சு முட்டுது?

நம்ம தோட்டங்களில் நாய் இல்லாத லயம் கிடையாது. ஆனா லயத்து வாசலில் படுத்திருக்கும் நாய்களின் முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கொண்டு வருகிறது. கொழும்பில் கடையிலோ கார்மென்ட்ஸிலோ வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது, பையோடு சேர்ந்து ஒரு பொமேரியன் குட்டியும் பஸ் ஏறி வருகிறது. டவுன் பக்கம் வீடு கட்டியவர்களின் சோபாவில் பக் நாய் தூங்குகிறது. இவை எல்லாத்துக்கும் நம்ம பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: ஜாதி நாய்.

ஜாதி நாயோடு சில புதுச் சத்தங்களும் லயத்துக்கு வந்திருக்கின்றன. பக் விழித்திருக்கும்போதே குறட்டை விடுகிறது. பொமேரியன் சந்தோஷத்தில் துள்ளும்போது வாத்து கத்துவது மாதிரி ஒரு வறட்டு இருமல் இருமுகிறது. இன்னும் சில சின்ன நாய்கள் திடீரென்று கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, உள்ளுக்குள்ளே தும்முவது போல "க்ர்ர்க் க்ர்ர்க்" என்று மூச்சை இழுக்கின்றன. அரை நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வருகின்றன.

"பனிக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பார் ஒருவர். "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கும்" என்பார் இன்னொருவர். நாலு நாள் பார்த்தபிறகு எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: "விடு, அந்த ஜாதிக்கே அப்படித்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு ஜாதிக்கே "அப்படித்தான்" என்று சொல்லப்படும் எதையும் மலையகத்தில் பிறந்தவர்கள் சும்மா விட்டுவிட முடியாது. "அப்படித்தான்" என்பதற்குப் பின்னால் யாரோ எப்போதோ எடுத்த முடிவுகள் இருக்கும். நாயின் மூச்சுக்குப் பின்னாலும் இருக்கின்றன. அதில் பாதிக் கதை நம்ம தேயிலையோடு ஒட்டிப் பிறந்த கதை.

மூன்று சத்தம், மூன்று காரணம்

முதலில் சத்தங்களைப் பிரித்துக்கொள்வோம். எல்லாம் ஒன்றல்ல.

உள்ளிழுக்கும் அந்தத் தும்மலைத் தலைகீழ்த் தும்மல் என்று சொல்லலாம். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே உள்ள இடத்தில் தூசியோ வாசனையோ உறுத்தும்போது வருவது. பார்க்கப் பயமாக இருந்தாலும் எப்போதாவது வந்து போவதாக இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை.

வாத்து இருமல் வேறு. மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். பொமேரியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா போன்ற சின்ன நாய்கள் பலவற்றில் இந்த வளையங்கள் தளர்ந்துபோகின்றன. ஈரமான காகித உறிஞ்சுகுழாயை வேகமாக உறிஞ்சினால் எப்படிச் சப்பிப் போகுமோ, அப்படி மூச்சுக்குழாய் சப்பிப் போகிறது. கழுத்துப் பட்டியை இழுத்தால், உற்சாகப்பட்டால், அடுப்புப் புகை பட்டால் இருமல் கூடும். வயசான சின்ன நாய்களில் இதய நோயாலும் இருமல் வரலாம். அதனால் நாமாகத் தீர்மானிக்காமல் வைத்தியரிடம் காட்டுவதே சரி.

மூன்றாவது பக், பிரெஞ்ச் புல்டாக், பீக்கிங்கீஸ் போன்ற தட்டை முக நாய்களின் குறட்டை. இவற்றின் மண்டை ஓடு குட்டையாகிவிட்டது. ஆனா அதற்குள்ளே இருக்கும் நாக்கு, மேலண்ணத்தின் சதை எல்லாம் அதே அளவுக்குக் குறையவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் மூன்று குடும்பத்துச் சாமானையும் அடுக்கினால் நடக்க வழி இருக்குமா? அதேதான். மூக்குத் துவாரம் கீறல் மாதிரி ஒடுங்கிவிட்டது, அண்ணச் சதை தொண்டைக்குள் தொங்குகிறது, ஒவ்வொரு மூச்சும் இடித்துக்கொண்டுதான் போகிறது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூச்சு வழி அடைத்த நாய்க்கு வெயில் என்றால் உயிராபத்து.

இந்த மண்டை எப்படிக் குட்டையாச்சு?

முதலில் வந்தது நீள மூச்சு

பிரிட்டிஷ்காரர்கள் நுவரெலியாவுக்குக் கொண்டு வந்த நாய்களில் பேர் பெற்றவை மடி நாய்கள் அல்ல, வேட்டை நாய்கள். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு பெரிய நாய்க்கூட்டத்தை வைத்திருந்தார். ஹோர்ட்டன் சமவெளியிலும் சுற்றியிருந்த காடுகளிலும் மரைகளைத் துரத்திக் கொல்வதுதான் அவற்றின் வேலை. ஆறாயிரம் அடிக்கு மேலே, மெல்லிய காற்றில், மணிக்கணக்கில் ஓட வேண்டும். மூக்கும் நுரையீரலும் சரியில்லாத நாய் அங்கே முதல் நாளே விழுந்துவிடும்.

பேக்கர் தன் வேட்டையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் நாய்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்: ஸ்மட், கில்பக், பிரான். எது எப்படிச் செத்தது என்பதுகூட அதில் இருக்கிறது. அதே 1840களில் திருச்சி, ராமநாதபுரம் பக்கமிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம்ம முன்னோர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மூச்சை விட்டவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை. நாய்மேல் நமக்குக் கோபமில்லை. யாருடைய மூச்சு எழுதி வைக்கப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

தேயிலையும் மடி நாயும் ஒரே வீட்டுச் சாமான்

தட்டை முகம் பிரிட்டிஷ்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை. சீன அரண்மனைகளில் குட்டை மூக்கு நாய்கள் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டன. ஆசியாவுக்கு வியாபாரம் செய்ய வந்த கப்பல்களில் பக் ஐரோப்பாவுக்குப் போனது. ஒல்லாந்தர் வீடுகளில் அது செல்லப் பிராணியானது. 1688-89இல் ஒல்லாந்து இளவரசர் வில்லியம் இங்கிலாந்து அரசரானபோது பக் நாயும் லண்டனில் பிரபலமானது. இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தக் கம்பெனி ஆண்ட காலமும் அதுதான்.

அடுத்த நாய் வியாபாரத்தில் வரவில்லை, கொள்ளையில் வந்தது. சீனத் தேயிலைக்கு வெள்ளியாகக் கொட்டிக் கொடுத்த பிரிட்டன், அந்தக் கணக்கைச் சரிக்கட்ட இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குள் தள்ளியது. அதைச் சீனா தடுத்தபோது போர் வந்தது. ஒரு பக்கம் போர், இன்னொரு பக்கம் செடித் திருட்டு. 1848இல் ராபர்ட் பார்ச்சூன் என்ற தாவரவியலாளரைக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனாவுக்கு அனுப்பியது. அவர் சீனர் வேஷம் போட்டு, தேயிலைச் செடிகளையும் விதைகளையும் தயாரிப்பு ரகசியத்தையும் இந்தியாவுக்குக் கடத்தினார்.

இரண்டாவது அபின் போரின் கடைசிக் கட்டத்துக்காகச் சீனா போய்க்கொண்டிருந்த எல்ஜின் பிரபு, 1860 மே மாதம் நம்ம காலித் துறைமுகத்தில் இருந்தார். அவர் ஏறிய மலபார் என்ற கப்பல் அங்கேயே பாறையில் மோதி மூழ்கியது. எல்ஜின் தப்பித்துப் பயணத்தைத் தொடர்ந்தார். அதே வருஷம் ஒக்டோபரில் பீக்கிங் நகருக்கு வெளியே இருந்த கோடைகால அரண்மனையைப் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் சூறையாடின. பிறகு எல்ஜினின் கட்டளையில் அது எரிக்கப்பட்டது. பட்டு, பீங்கான், தங்கத்தோடு சில குட்டி நாய்களும் அந்தக் கொள்ளையில் கிடைத்தன. அதில் ஒன்றை டன் என்ற கேப்டன் 1861இல் விக்டோரியா மகாராணிக்குக் கொடுத்தார். அதற்கு அரண்மனையில் வைத்த பெயர் லூட்டி.

பகிடி இல்லை, உண்மையான பெயர். கொள்ளையைக் குறிக்கும் லூட் என்ற சொல்லை ஆங்கிலேயர் இந்தியிலிருந்துதான் எடுத்தார்கள். கொள்ளையடித்த நாய்க்குக் "கொள்ளை" என்றே செல்லப்பெயர் வைக்கும் அளவுக்கு அவர்களுக்கு வெட்கம் இல்லாமல் இருந்திருக்கிறது. பீக்கிங்கீஸ் என்ற ஜாதி மேற்கு நாடுகளில் அறிமுகமானது இப்படித்தான்.

ஏழு வருஷம் கழித்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைத்துரு நோய் மலை முழுவதையும் தேயிலைக்கு மாற்றியது. நம்ம மலைக்கு வந்த செடி பெரும்பாலும் அஸ்ஸாம் வழி. ஆனா தேயிலை வேண்டும் என்ற அந்தத் தாகமும், அதற்காக மூண்ட போரும், லூட்டியை லண்டனுக்குக் கொண்டுபோன கப்பலும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வருபவை.

கவ்வாத்து வெட்டின உடம்பு

தேயிலை உண்மையில் செடி அல்ல, மரம். விட்டால் முப்பது அடிக்குமேல் வளரும். பெண்கள் கை எட்டும் உயரத்தில் கொழுந்து வேண்டும் என்பதற்காக மாறி மாறிக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக வைத்திருக்கிறோம். நாயையும் மனுஷன் அப்படித்தான் வெட்டினான். கத்தி மட்டும் வேறு: எதை எதோடு சேர்த்துக் குட்டி போட வைப்பது என்ற தேர்வு.

வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் 1745இல் தன்னையும் தன் பக் நாயையும் வரைந்தார். லண்டன் டேட் காட்சியகத்தில் அந்தப் படம் இருக்கிறது. இணையத்திலும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பக் நாய்க்குத் தெளிவாக ஒரு மூக்கு இருக்கிறது! முகம் முன்னுக்கு நீண்டிருக்கிறது. இன்றைய பக் நாயோடு பக்கத்தில் வைத்தால் வேறு ஏதோ நாய் என்றுதான் நினைப்போம். அந்த மூக்கு எப்போது போச்சு?

1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. அடுத்த வருஷமே அதன் முதல் வம்சாவளிப் புத்தகம் வந்தது. இன்ன நாய்க்கு இன்ன அப்பா, இன்ன அம்மா என்று பதியும் புத்தகம். ஒவ்வொரு ஜாதிக்கும் முகம் எப்படி இருக்க வேண்டும், வால் எப்படிச் சுருள வேண்டும் என்று விதிகள் எழுதப்பட்டன. கண்காட்சிகளில் அந்த விதிக்கு மிக நெருங்கிய நாய்க்குப் பரிசு. முகம் குட்டை என்றால் பரிசு, இன்னும் குட்டை என்றால் பெரிய பரிசு. நாய் மூச்சு விடுகிறதா என்பதற்கு மார்க் இல்லை. பொமேரியன் கதையும் இதேதான். வடக்கு ஐரோப்பாவின் பெரிய ஸ்பிட்ஸ் நாய்களிலிருந்து வந்தது அது. 1888இல் விக்டோரியா புளோரன்ஸ் நகரிலிருந்து சின்ன ரகம் ஒன்றைக் கொண்டுவந்தபிறகு, சின்னது, இன்னும் சின்னது என்ற போட்டி சூடு பிடித்தது.

இங்கேதான் தமிழ்ச் சொல் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். ஜாதி நாய்! ஒரே ரத்தத்துக்குள் மட்டும் சேர்க்கை, வெளியே சேர்ந்தால் பதிவு கிடையாது, வம்சாவளிப் புத்தகம், சுத்தம் பற்றிய பெருமை. அகமணம் என்று சமூகவியல் வகுப்பில் படிக்கிறோமே, அதுதான். 2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வம்சாவளிப் பதிவுகளைக் கணக்குப் பார்த்தார்கள். பிரிட்டனில் இருந்த சுமார் 10,000 பக் நாய்களின் மரபு வேறுபாடு, வெறும் 50 நாய்களில் இருக்கக்கூடிய அளவுதான் என்று வந்தது. சுத்தம் என்று பெயர் வைத்து வாசலை மூடினால் உள்ளே இருப்பதற்கே மூச்சு முட்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

பெயர் வைத்தவர்கள்

ஜாதி நாய்க்கு எதிர்ப்பக்கம் என்ன? தெரு நாய், நாட்டு நாய். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயர் "பரையா டாக்". பரையா என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. பறையர் என்ற நம்ம மக்களின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் கொடுத்து, பிறகு ஒரு நாய்க்கு ஒட்டினார்கள். 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அந்த நாய்க்குத் தனிப் பதிவே இருக்கிறது. விடியலில் பிரட்டுக் களத்துக்குத் தப்பு அடித்துக் கூப்பிட்டவர்களின், அந்தத் தப்புச் சத்தத்தில் எழுந்து மலை ஏறியவர்களின் பெயர் அது. ஆங்கிலேயர் மட்டும் தனியாகச் செய்த வேலை என்றும் சொல்ல முடியாது. அந்த இழிவை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நம்ம ஊர் சாதிதான்.

இப்போது லயத்து வாசலில் நிற்கும் அந்த நாட்டு நாயைக் கவனியுங்கள். நீள மூக்கு, ஒல்லி உடம்பு, சத்தமில்லாத மூச்சு. ஏற்றத்தில் ஓடிவிட்டு வந்து ரெண்டு நிமிஷத்தில் சாதாரணமாகிவிடும். எந்தப் புத்தகத்திலும் பதியாமல், தன் இஷ்டத்துக்குச் சேர்ந்து பெருகிய நாய் அது. மட்டம் என்று பெயர் வாங்கிய நாய்க்கு மூச்சு சரியாக இருக்கிறது. உசத்தி என்று பெயர் வாங்கிய நாய் மூச்சுக்குத் தவிக்கிறது.

நம்ம வாசலுக்கு எப்படி வந்தது?

நாங்கள் பிறந்த காலத்தில், 2003இல், இந்தியாவில் ஹச் போன் கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது. ஒரு சின்னப் பையன் எங்கே போனாலும் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். எங்கே போனாலும் எங்கள் நெட்வொர்க் கூடவே வரும் என்பதுதான் செய்தி. அந்த நாயின் பெயர் சீக்கா. இந்தியா முழுக்கப் பக் நாய்க்குத் திடீர்க் கிராக்கி வந்தது. சென்னை டிவி பார்த்து வளர்ந்த நம்ம வீடுகளிலும் அந்த முகம் பழகிப்போனது. பெரிய கண், சப்பை மூக்கு, சின்னக் குழந்தை மாதிரி. பார்த்தால் தூக்கிக்கொள்ளத் தோன்றும் அந்தக் குழந்தை முகம்தான் அதன் நோயும்.

தோட்டத்தில் நாய்க்கும் அந்தஸ்து உண்டு. பங்களா நாய் வேறு, லயத்து நாய் வேறு. துரை பங்களாவில் மட்டும் இருந்த ஜாதி நாய் இன்றைக்கு நம்ம பிள்ளை சம்பாதித்த காசில் நம்ம வாசலில் நிற்கிறது என்பதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெருமையை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். நூற்றைம்பது வருஷத்துக்குமேல் நமக்கு மறுக்கப்பட்டதில் அதுவும் ஒன்று. ஆனா துரைமாரிடமிருந்து நாயை எடுத்துக்கொள்ளும்போது, மூச்சு முட்டினாலும் அழகு என்ற அவர்களுடைய கண்ணையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டுமா?

இங்கிலாந்தில் ராயல் வெட்டினரி கல்லூரி 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியமானது. மூச்சு அடைப்பின் அறிகுறிகள் தெளிவாக இருந்த நாய்களின் சொந்தக்காரர்களிடம் "உங்க நாய்க்கு மூச்சுப் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் "இல்லை" என்றார்கள். குறட்டை விடுது, இரைக்குது, ஆனா அந்த ஜாதிக்கு அது சாதாரணம்தானே என்று நினைத்தார்கள். லயத்துப் பெரியவர் சொன்ன அதே வாக்கியம்!

சில இடங்களில் மாற்றம் தொடங்கிவிட்டது. மூக்கு நீளம் மண்டையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த நாய்களை இனப்பெருக்கம் செய்வதற்கு நெதர்லாந்து 2019 முதல் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. ஒரு காலத்தில் பக் நாயை ஐரோப்பாவில் கொண்டாடிய அதே ஒல்லாந்து. வம்சாவளிப் புத்தகம் போட்ட அதே லண்டன் கென்னல் கிளப், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2019இல் மூச்சுப் பரிசோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. நாயை மூன்று நிமிஷம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள். நாயைக் கண்ணால் மட்டும் பார்த்த கிளப், காதாலும் கேட்க ஆரம்பித்திருக்கிறது.

இப்போ என்ன செய்யலாம்?

ஏற்கனவே வீட்டில் இருக்கும் நாயை வெறுக்க வேண்டியதில்லை. அது எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சத்தம் வந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியர் முன்னால் நாய் அந்தச் சத்தத்தைப் போடாது, வீடியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. கழுத்துப் பட்டிக்குப் பதிலா நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி வாங்குங்கள். சோறு அளவாக வையுங்கள், உடம்பு பெருத்தால் மூச்சு இன்னும் அடைக்கும். விறகு அடுப்பு எரியும்போது நாயை வெளியே விடுங்கள். அந்தப் புகை அம்மாவின் நெஞ்சுக்கும் ஆகாது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். சளி என்று நினைத்துப் பனடோல் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம்.

நுவரெலியாக் குளிரில் பக் நாய் ஓரளவு சமாளித்துவிடும். அதனாலேயே நோய் இல்லை என்று ஏமாந்துவிடக் கூடாது. சித்திரை வெயிலில் அதே நாயை நெரிசல் பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோவது அதைக் கொல்லக்கூடும். நாக்கோ முரசோ நீலமானால், நின்றபடியே மூச்சுக்குத் தவித்தால், மயங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பக்கத்து அரச கால்நடை வைத்தியரிடம் ஓடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

புதுசா நாய் வாங்கப்போகிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது ரெண்டுதான். விற்கிறவரிடம் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், அதை ஐந்து நிமிஷம் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். சத்தம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அந்தக் காசுக்கு அடுத்த குட்டி பிறக்கக் கூடாது. வரும் வழியில் ஸ்டோருக்குப் பின்னாலேயோ பீலிக்கரைப் பக்கமோ யாரும் பெயர் வைக்காத நாலு குட்டிகள் நிச்சயம் படுத்திருக்கும். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். தடுப்பூசி போடுங்கள். பெயர் வையுங்கள்.